இதயத்தின் தடித்த சுவர்

மார்ச் 3
நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவெடுத்தேன்: இனி அலுவலகத்துக்கு லிஃப்டில்தான் போவேன். மாடிப்படியிடம் நேரில் சொல்லிக்கொள்ள முடியவில்லை. முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்குகிறது.

மார்ச் 9
இதய மருத்துவர் ஸ்கேனைக் காட்டினார். இதயத் தசை தேவைக்கு மேல் தடித்திருக்கிறதாம். சுவர் தடித்தால் உள்ளறை சிறுத்துவிடும். ரத்தம் நிரம்புவதற்கு இடம் போதாது.

"உங்க தப்பு ஒண்ணுமில்லம்மா, குடும்பத்துல வர்றது. மாத்திரை போட்டா இதயம் நிதானமா அடிக்கும். ரத்தம் நிரம்புறதுக்கு அவகாசம் கிடைக்கும்."

வாஷிங் மெஷினுக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவள் நான். ஒரு இயந்திரத்தின் விளக்கத்தை முழுதாகக் கேட்டது இதுவே முதல் தடவை.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களையும் பாத்துடணும்."

இருக்கிறான் ஒருத்தன். நீச்சல் பயிற்சியாளன். போன மாதம் நீச்சல்குளக் கரையில் மயங்கி விழுந்துவிட்டு, பசி என்றவன்.

மார்ச் 10
தம்பியிடம் சொன்னேன்.

"உனக்கு வந்தா ஊருக்கே வரணுமாக்கா? படியேறச் சோம்பல், அதுக்கு ஒரு வியாதி வேற."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஏன் சிரிச்சேன்? அப்பாவும் இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவர்தான், தலை நரைக்குமுன் பொசுக்கென்று போய்விட்டார். கொடுத்துவைத்த சாவு என்றார்கள். யாருக்குக் கொடுத்துவச்சது?

மார்ச் 15
மாத்திரை கேட்கிறது. கடைத்தெருவரை நிற்காமல் நடந்தேன். வழியில் ஒரு கிழட்டு நாய் என்னை முந்தியது. பொறாமையில்லை.

தம்பி இன்னும் ஸ்கேனுக்குப் போகவில்லை. கத்தினால் போகமாட்டான். அழுதால் டிவி போட்டுவிடுவான்.

மார்ச் 17
எங்கள் வீட்டில் பாசம் போட்டியாக மட்டுமே செல்லுபடியாகும். எனவே:

"ஸ்கேன்ல அசையாம படுக்கணும்டா. மூச்சை வேற பிடிக்கணும். என்னைப் பாராட்டினாங்க. உன்னால ஆகாது, விடு."

"தண்ணிக்கடியில மூச்சுப் பிடிக்கிறவன்கிட்டயா?"

நாளை காலை போகிறான்.

மார்ச் 18
வாசலிலிருந்தே கத்தினான்: "அக்கா, உன்னோடதவிட என் சுவர் தடிப்பு! நான்தான் ஃபர்ஸ்ட்!"

பிறகு உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயமா இருக்குக்கா."

எனக்கும்தான்டா.

ஏப்ரல் 6
அவன் நெஞ்சில், தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைத்துவிட்டார்கள். இதயம் தாறுமாறாக அடித்தால் ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவருமாம். அதன் கையேட்டைப் படித்தேன். படுமோசமான நடை. மறுபடியும் படித்தேன்.

இனி அவன் தண்ணீரில் இறங்கக் கூடாது, கரையில் நின்றுதான் பயிற்சி. "கத்துறதுதானே? அது எனக்கு நல்லா வரும்."

ஆகஸ்ட் 21
மதியம் பயிற்சியின் நடுவே தம்பி கரையில் சுருண்டு விழுந்தான். கருவி ஒரு முறை ஷாக் கொடுத்தது. மருத்துவமனையில் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இரவு இங்கேதான் சாப்பிட்டான்.