பெருநாள் யாவாரம் முடியட்டும் என்றீர்கள்

என் பிள்ளையின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கபுறுக்குழியில் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம் என்று ஓதித் தந்திருக்கிறார்கள், அதனால் சொல்லிவிட்டேன். நம் கலியாணம் முடிந்த நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்திலும் சொல்லப் போவதில்லை. இதை நாலு பேர் வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும். உங்கள் மவுத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது, என் கதையும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று நாம் புறப்பட்டிருக்க வேண்டிய நாள். சுபஹ் தொழுத கையோடு கல்முனை பஸ் நிலையம். அங்கிருந்து அம்பாறை, மொனராகலை, வெல்லவாய, மேலே அப்புத்தளை. மூன்று நாள் ஹோர்ட்டன் சமவெளியும், அதன் விளிம்பில் உலக முடிவு என்கிற பெரும் பள்ளமும், சுற்றியுள்ள மலைப் பாதைகளும். பிறகு இரத்தினபுரிப் பக்கம் இறங்கிச் சிங்கராஜ மழைக்காடு. ஒரு கிழமை முழுக்க நடை. இதைச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை எனக்குக் காட்டியிருப்பீர்கள்? உப்புப் போத்தல் அப்புத்தளை, தண்ணீர்க் கோப்பை உலக முடிவு, மீன்முள் கிடக்கிற பீங்கான் சிங்கராஜ. நான் மேசையைத் துடைக்க வந்தால், "மலையத் துடைச்சிராத புள்ள" என்பீர்கள்.

அதே மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். பகல் ஏறிவிட்டது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கேற்றைப் பிடித்து ஆட்டுகிறது. விறாந்தையைக் காலையில்தான் கூட்டினேன், அதற்குள் முற்றத்து மணல் பாதி உள்ளே வந்துவிட்டது.

பிடவைக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு நாட்காட்டி வேறு. நோன்பு என்றால் யாவாரம், பெருநாள் என்றால் யாவாரம், பள்ளிக்கூடம் தொடங்கினால் யாவாரம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கடை ஓய்ந்து கிடக்கும் அந்தக் கொஞ்ச நாள்தான் வருஷத்தில் உங்களுடையது. "ஹஜ்ஜுப் பெருநாள் யாவாரம் முடியட்டும், போவம்" என்பீர்கள். யாவாரம் முடியும். உடனே கூரையில் ஒழுக்கு வரும். அல்லது நம் மகள் ஷிபானாவுக்குக் கொடுக்கிற வீட்டின் மேல்மாடி வரும். நம் ஊரில் பெண்பிள்ளையைப் பெற்றவன் வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும் என்று விளையாட்டாகச் சொல்வேன். இனி அந்த விளையாட்டுப் பேச்சை நான் பேசுவதில்லை.

இந்த வருஷம் மட்டும் நீங்கள் மெய்யாகவே கிளம்புகிறீர்கள் என்று நம்பினேன். ஏனென்றால் சப்பாத்து வாங்கினீர்கள். எனக்கும் ஒரு சோடி வாங்கினீர்கள், ஒரு அளவு பெரிதாக. முதுகில் மாட்டுகிற பை ஒன்றும் வந்தது. பிறகு பயிற்சி என்று தொடங்கினீர்களே! கல்முனையில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? கடற்கரையும் மட்டம், வயலும் மட்டம். விடிய எழும்பிக் கடற்கரை மணலில் இடுப்பில் கட்டிய சாரனோடும் அந்தச் சப்பாத்தோடும் நடந்தீர்கள். தோணி தள்ளுகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அது போதாதென்று, பைக்குள் புதுச் சாரன்களை அடுக்கி முதுகில் போட்டுக்கொண்டு, நம் கடையின் மூன்று மாடியையும் ஏறி இறங்கினீர்கள். பிடவை வாங்க வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

பெப்ரவரியில் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து அப்படித்தான் ஏறியிருக்கிறீர்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். மருமகன் அஸ்மீர் ஓடிப்போய் முதலில் பையைத்தான் கழற்றினாராம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. நீங்கள் ஜனாஸாவாக வீட்டுக்கு வந்தீர்கள். பை பின்னால் ஆட்டோவில் வந்தது.

மலைப் பைத்தியம்தான் உங்களைக் கொண்டு போனது என்று ஊர் சொன்னது. டொக்டர், இதயம் முன்பே கெட்டிருந்தது, படியில் ஏறாவிட்டாலும் வந்திருக்கும் என்றார். எதை நம்புவது? உங்களுக்காவது இப்போது தெரியுமா?

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதமும் பத்து நாளும், வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல். ஆட்கள் வந்து அழுதார்கள், பிறகு வருவது குறைந்தது. அறையின் மூலையில் அந்தப் பை கிடந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை. ஒரு நாள் நான் திறந்தேன். பன்னிரண்டு சாரன், கடை விலைத் துண்டுகூடக் கிழிக்காதவை. விளிம்போடு விளிம்பு வைத்து நீங்கள் மடிக்கிற அந்த மடிப்பு. மூடிவிட்டு முதுகில் போட்டுப் பார்த்தேன். அடேயப்பா, என்ன பாரம்! அதோடு யன்னலிலிருந்து கதவு வரை நடந்தேன். அடுத்த நாள் குசினி வரை நடந்தேன்.

ஷிபானா கண்டுவிட்டாள். "உம்மா, வாப்பாட பேக்க ஏன் தூக்கிட்டு நடக்கிறீங்க?"

"சும்மாதான் மகள்."

"சும்மா ஆரும் இத்தாவில சாரன் சுமப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். பிறகு என் பக்கத்திலேயே நடந்தாள்.

எனக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருந்தது. இத்தா முடிகிற நாளும் நீங்கள் குறித்த நாளும் கிட்டக் கிட்ட வந்தன. முடிந்த அடுத்த கிழமையே பயணம். உங்கள் நாளில், உங்கள் பாதையில், ஒரு எட்டுக்கூட மாற்றாமல் போய் வருவது என்று முடிவு கட்டினேன். அந்த நினைப்பு இல்லாவிட்டால் அந்த அறைக்குள் எனக்குப் புத்தி பேதலித்திருக்கும்.

கூடப்பிறந்த காக்காவிடம் சொன்னேன். அவருக்கு நான் ஒரே தங்கச்சி, உங்களுக்கு அவர் மச்சான் மட்டுமல்ல, கூட்டாளியும். அவர் கத்திய கத்தில் அடுத்த வீட்டுக் கோழியெல்லாம் எழும்பியிருக்கும். "புருசன் மவுத்தாகி வருசமாகல்ல, மலையில உலாத்தப் போறயா? அந்த மலைதானே அவனக் கொண்டு போன? ஆரோட போவாய்? மஹ்ரமில்லாம பொம்புள பயணம் போகலாமா? நான் வரமாட்டன், இப்பயே சொல்லிட்டன்!"

மஹ்ரம் என்றால் அண்ணன் தம்பி, பெற்ற மகன் போல ஒரு பெண்ணோடு பயணம் வர உரிமையுள்ள ஆண். நமக்கு மகன் இல்லை. காக்காவும் கைவிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அப்போது விறாந்தையிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"மாமி, நான் கூட்டிப் போறன்."

மருமகன்! ஷிபானாவை முடித்து நம் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். அவர் வீட்டுக்குள் வருமுன் செருமுவார், நான் குசினிக்குள் போய்விடுவேன். சோறு வேண்டுமா என்று ஷிபானா வழியாகத்தான் கேட்பேன், போதும் என்று ஷிபானா வழியாகத்தான் பதில் வரும். மார்க்கம் எங்களைத் தாயும் மகனும் போல ஆக்கியிருக்கிறது, நம் பக்கத்து வழக்கம் நடுவில் சேலை கட்டி மறைத்திருக்கிறது. அவர் என்னோடு நேராகக் கதைத்த முதல் வசனம் அதுதான். நானும் ஷிபானாவைத் தேடாமல், "ஓம் மகன்" என்றேன். உடனே அவர் முற்றத்துக்குப் போய்விட்டார், நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். இத்தா முடிந்த மறுநாள், சிங்கராஜ அடிவாரத்தில் நீங்கள் பார்த்து வைத்திருந்த தங்குமிடத்துக்குப் போன் எடுத்தேன். சிங்களக்காரர், தமிழ் கொஞ்சம் வரும். எத்தனை பேர், எந்த நாள் என்று சொன்னேன்.

"அம்மா, இப்ப வேணாம். இங்க பெரிய மழ. அட்டை கூட. ஆறு தாண்ட ஏலா. மேல மலையிலயும் காத்து, பனிமூட்டம், ஒண்டும் பேன்னே நே."

"கண்ணுக்குத் தெரியாது" என்பதற்குச் சிங்களச் சொல்லைப் போட்டுவிட்டார், ஆனாலும் விளங்கிவிட்டது. "அப்ப எப்ப வாற?" என்றேன்.

"பெப்ரவரி நல்லம் அம்மா. அப்ப வாங்க."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். ஷிபானா பயந்துபோய் ஓடி வந்தாள். "இஞ்ச வெயில் கொளுத்தக்குள்ள அங்க குளிரும், அதான் புள்ள சரியான நேரம்" என்று எத்தனை வருஷம் எனக்குப் பாடம் நடத்தினீர்கள்! நமக்கு வெயிலும் புழுதியும் தருகிற இதே கச்சான், மலைக்கு அந்தப் பக்கம் மழைக்காற்று. இருக்கிற தண்ணீரையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையிறங்கி இங்கே வருகிறது. இதெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதிப் புள்ளிகூட வாங்கியிருப்போம். ஆனால் இந்தக் கரையில் பிறந்தவனுக்கு மழை என்றால் மார்கழி மழைதான், முழு இலங்கைக்கும் அதுதான் மாரி. ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? பிடவைக்கு விலை பேசி நாள் முழுக்க ஓயாத வாய், வழி கேட்க மட்டும் திறக்காது.

சிரித்து முடித்தபோதுதான் பெப்ரவரி என்றால் என்ன என்று உறைத்தது. அது உங்கள் மாதம். நல்ல வானம் இருக்கிற அந்தக் கிழமையில்தான் உங்கள் வருஷக் கத்தம் வருகிறது. யாசீன் ஓதி, ஊருக்குச் சோறு கொடுத்து, நான் வீட்டுக்குள் இருக்க வேண்டிய நாள். உங்கள் நாளில் போனால் மழை. மழை இல்லாத நாளில் போனால், உங்கள் கத்தத்தன்று வீட்டுக்காரி வீட்டில் இல்லை. அன்று முழுக்க அந்தப் பையோடு வீட்டுக்குள் நடந்தேன்.

காக்காவை மறுபடி கூப்பிட்டேன். பெப்ரவரியிலேயே போகிறேன் என்றேன், கத்தத்தை அவருடைய வீட்டில் கொடுக்கச் சொன்னேன். "சோறாக்க ஆள் இருக்கு காக்கா. யாசீன நான் அங்க மலையில இருந்து ஓதுறன். அந்தச் சாரனெல்லாத்தையும் அவர்ர பேரில சதகாவா குடுக்கிறன். தேயிலைத் தோட்டத்து ஆக்களுக்கு, வழி காட்ட வாறவங்களுக்கு, போனில வராதீங்க எண்டு சொன்ன அந்த மனுசனுக்கு."

கத்துவார் என்று பார்த்தேன். அவர் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னையும்தான் வரச் சொன்னான்" என்றார். "நான்தான் சிரிச்சன்."

பிறகு எழும்பிப் போய்விட்டார். கத்தத்தை அவர் கொடுப்பார்.

ஆக, எல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஷிபானா, மருமகன், நான். பாதை உங்களுடையது, நாள் மட்டும் வேறு. அப்போது வானம் தெளிந்திருக்குமாம். உலக முடிவின் விளிம்பில் நின்றால் தூரத்தில் கடல்கூடத் தெரியுமாம். மருமகன் படம் காட்டினார், அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு அது வேண்டியதில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். எனக்கு வேண்டியது இந்தக் கிழமைப் பயணம், உங்களுடைய அந்தப் பிழையான பயணம். காலெல்லாம் அட்டை கடித்து, பெரிய சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று, உலக முடிவில் போய் நின்றால் வெள்ளை மூட்டத்தைத் தவிர ஒன்றுமில்லாமல், "ஒருத்தரிட்டயாவது கேட்டீங்களா?" என்று நான் கத்த வேண்டும். நீங்கள் ஒரு சாரனை எடுத்து என் தலையில் போட்டுவிட வேண்டும். ஒன்றையும் பார்க்காமல் நனைந்து திரும்பி வந்து, சாகும்வரை சொல்லிக் காட்ட எனக்கு அது கிடைத்திருக்கும். இந்த வீட்டில் இப்போது நான் யாரை ஏசுவேன்?

சற்று முன் எழும்பிப்போய் முற்றத்தில் நின்றேன். காற்று முகத்தில் புழுதியை அடித்தது. நம் மேல் பெய்ய வேண்டிய மழையை அங்கே பெய்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. ஒரு துளிகூட மிச்சம் கொண்டு வரவில்லை.

பெப்ரவரியில் வருகிறேன், இன்ஷா அல்லாஹ். இனி எந்தப் பெருநாளுக்காகவும் தள்ளிப் போட மாட்டேன். எல்லாச் சாரனையும் கொடுப்பேன், ஒன்றை மட்டும் கொடுக்க மாட்டேன். காலம் தப்பி அங்கே மழை பெய்தால், அதை என் தலையில் போட்டுக்கொண்டு, மருமகன் கேட்டாலும் பரவாயில்லை, உங்கள் பெயரைச் சொல்லி ஏசுவேன்.

உங்கட ஷிபானாட உம்மா