சித்தி சொன்ன ஸ்டூ

குட்டிம்மா,

அடுப்பின் மேல் மாட்டுக் கொத்துக்கறி ஸ்டூ இருக்கிறது. சிறு தீயில் சூடாக்கு, அடிபிடிக்காமல் கிண்டு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டிலிருந்து வந்ததும், "சித்தி ஸ்டூ மாதிரி நீ செஞ்சதே இல்லம்மா" என்றாய். "அப்ப அங்கயே போய் இரு" என்று கத்திவிட்டேன். வயிற்றெரிச்சல்தான், வேறொன்றுமில்லை. உன் அப்பா அவளோடு போனபோதுகூட எனக்கு இப்படி எரியவில்லை.

இன்று காலை அவளுக்கே போன் போட்டுப் பக்குவம் கேட்டேன். கறியைத் தண்ணீர் வற்றிச் சிவக்கும் வரை வதக்கிவிட்டு, பிறகு உருளைக்கிழங்கைப் போடச் சொன்னாள். போனை வைக்கும் முன், "அக்கா, நான் ஆம்லெட் போட்டா, குட்டிம்மா 'எங்கம்மா போடுற மாதிரி இல்ல'ன்னு தொடவே மாட்டேங்கிறா" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பஸ் டிப்போவுக்குக் கிளம்புகிறேன். கடைசி டிரிப் முடித்து எட்டு மணிக்கு வந்துவிடுவேன்.

அம்மா

பி.கு: வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டி மேல் வை.

இன்னொன்று: எந்த ஸ்டூ நன்றாக இருக்கிறது என்று இன்றைக்குச் சொல்லாதே.

அடுத்த முறை போகும்போது அவள் போடும் ஆம்லெட்டை ஒரு வாய் சாப்பிடு. ஒரு வாய் போதும்.