ஜோடிக்கல்லின் உள்முகம்

ஜனவரி 9, வியாழன்

கோதண்டராமன் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து தொலைபேசினார். இவ்வருட ஜோடிக்கல் போட்டி பிப்ரவரி இருபத்துமூன்றாம் தேதி, அவருடைய பாத்திரக்கடையின் மாடியில். பரிசு வழக்கம்போல் ஒரு கிலோ மைசூர்பாகு.

"போன வருஷம் அதைக் கடிக்கவே ரம்பம் தேவைப்பட்டது. கடையை மாற்றுங்கள்" என்றேன்.

"ஜெயிச்சவங்கதான் டீச்சரம்மா பரிசைப் பத்திக் குறை சொல்லணும்" என்றார். நானும் என் ஜோடி மரியாவும் இரண்டாமிடம் வந்ததை மனிதர் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு மமதா, "ஜோடிக்கல்னா இன்னாங்க?" என்று மாலையில் கேட்டாள். வரியோடிய கல் ஒன்றை நடுவில் அறுத்தால் புத்தகம் விரிந்ததுபோல இரண்டு உள்முகங்கள் கிடைக்கும். ஒன்றின் வரிகள் மற்றதில் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். ஜோடியாகச் சேர்ந்த இருவர் ஆளுக்கொரு பாதியை வெட்டித் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அருகருகே வைக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். "இதுக்குப் போயா இவ்ளோ பாடு?" என்றாள். இதற்குத்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

இதே ஊரின் பாலகாட் பகுதியிலிருந்து மரியா வந்தாள். பூதிகோட்டைப் பக்கம் ஒரு வயல்வரப்பிலிருந்து சென்ற மாதம் எடுத்துவந்த வரிக்கல்லை இன்று அறுத்தோம். சிவப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் நடுவே மெல்லிய வரிகள், ஓரிடத்தில் வளைந்து மேலேறுகின்றன. இரு பாதிகளையும் விரித்து வைத்ததும் தூக்கிய இரண்டு புருவங்கள்.

"டீச்சர், இது பீஸ் கட்டாத பசங்களைப் பாக்கற உங்க மூஞ்சி" என்றாள் மரியா. தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு எவரிடமும் பயமில்லை. இடப்பாதி அவளுக்கு, வலப்பாதி எனக்கு.

ஜனவரி 17, வெள்ளி

கோடு போட்டேன். முட்டை வடிவ அச்சை வைத்து அலுமினியக் கம்பியால் வரைந்து, ஓரங்களை வெட்டி, அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டியாயிற்று. கை நடுங்கவில்லை. எழுபத்துநான்கு வயதுக்கு இது போதும்.

ஜனவரி 24, வெள்ளி

சாணையில் குமிழ் வடிவம் வந்துவிட்டது. கருஞ்சாம்பல் இரும்பு வரி கடினம், சிவப்பு வரி அதைவிடக் கடினம். அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் பள்ளம் விழும். பள்ளம் இல்லை. மரியாவிடம் தொலைபேசியில் சற்றுப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

எழுதுவதற்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். இனி எழுதுகிறேன்.

மெருகு முடிந்தது. ஈரத்தில் எந்தக் கல்லும் அழகுதான். துடைத்துக் காயவைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். துடைத்தேன். மரியா அனுப்பியிருந்த அவள் பாதியின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு புருவங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

உள்முகத்தில் போடவேண்டிய கோட்டை வெளிமுகத்தில் போட்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அதே வரிகள் எதிர்ப்பக்கம் சாயும். வெளிமுகத்தைக் குமிழாக்கி, உள்முகத்தை அடிப்பாகமென்று நினைத்துத் தட்டையாகத் தேய்த்தே போக்கிவிட்டேன். இனி அது வராது.

எத்தனை நாள் அதைக் கையில் வைத்திருந்தேன்! ஒவ்வொரு முறையும் பார்த்துத்தானே தேய்த்தேன்? படிகங்களின் சமச்சீர்மை பற்றிக் கல்லூரியில் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவள், ஒரு கல்லின் உள்ளும் புறமும் தெரியாமல் —

கவனக்குறைவு என்று எழுதிவிடலாம். எனக்கே அது பொய்யென்று தோன்றுகிறது.

ஜனவரி 29, புதன்

பாக்யலட்சுமி அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ரவிக்கையை உள்புறம் வெளியே வரும்படி அணிந்துகொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள், நாங்கள் சிரித்தோம். பிறகு, சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் கழித்து, செத்துப்போன அத்தானுக்கு ஷிப்டுக்கு நேரமாயிற்றென்று டிபன் கட்டினாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கனிமங்களின் கடினத்தன்மை வரிசையைச் சொல்லிப் பார்த்தேன். பிசகவில்லை. அதில் ஆறுதல் என்ன இருக்கிறது? அக்கா கடைசிவரை திருப்பாவை முழுவதும் பிசகாமல் சொன்னாள்.

ஜனவரி 31, வெள்ளி

மரியா: "முடிஞ்சிதா?" நான்: "மெருகு சரியாக வரவில்லை. இன்னும் பத்து நாள்."

பொய் சொல்ல மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

வேறு வழியில்லை என்று ஓரத் துண்டிலிருந்து சிறிதாக ஒன்றை வெட்டப் போனேன். ரம்பத்தை ஓடவிட்டேன். புகைபோல ஏதோ எழுந்தது. தண்ணீர்க் குழாயைத் திறக்கவேயில்லை. காய்ந்த ரம்பத்தில் கல்தூள் அறை முழுவதும் பறந்தது.

இந்த ஊரில் கல்தூள் எத்தனை நுரையீரல்களைத் தின்றதென்று தெரியாதவளா நான்? என் அப்பாவின் இருமலைக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள். ரம்பத்தை நிறுத்திவிட்டு, வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். மூக்கில், வாயில், சிவப்புத் தூள்.

கோடு போட்டதைக்கூட ஏதோ ஒன்றென்று தள்ளலாம். இது இரண்டாவது.

ரம்பம் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? பூஜை இல்லை. டிவி இல்லை. பேரப்பிள்ளைகள் கடவுள் அருளால் இல்லை. இந்த அறை, இந்தச் சக்கரம், இந்த இரைச்சல் — இவ்வளவுதான் நான். இதையும் எடுத்துவிட்டால் மீதி இருப்பது மாத்திரை விழுங்கும் ஒரு உடம்பு. அதற்கு எதற்கு இந்த ஸ்கெலட்டன் குடியிருப்பில் ஒரு வீடு? எதற்கு வாடகை, எதற்கு விளக்கு?

இல்லை. இப்படி எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் எழுதியதை அடிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 5, புதன்

கதவைத் திறக்கவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மரியா வந்துவிட்டாள். தட்டவில்லை, இடித்தாள்.

"இன்னா டீச்சர், கதவச் சாத்திகினு உள்ள இன்னா பண்றீங்க? செத்துட்டீங்களோன்னு மமதா போன் பண்ணுது."

"செத்திருந்தால் சொல்லியனுப்பியிருப்பேன்."

"அது சரி. கல்ல காட்டுங்க."

காட்டவில்லை. அவளே மேசையிலிருந்து எடுத்தாள். தன் பாதியைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தாள். அந்தப் புரட்டல் எனக்குக் கோபமூட்டியது. கத்தினேன். "சிரிக்கிறதுன்னா சிரிச்சுட்டுப் போடி! எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு, போதுமா? எங்கக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு! தண்ணி விடாம ரம்பத்த ஓட்டினேன், தெரியுமா உனக்கு?" பல்கலைக்கழகத் தமிழெல்லாம் எங்கே போயிற்றோ.

அவள் சிரிக்கவில்லை. "தீபாவளிலேந்து நானும் பாத்துனுதான் கீறேன்" என்றாள். "ஒரே சேதிய ரெண்டு தரம் சொல்றீங்க. கடைல காசு குடுத்துட்டு சாமான உட்டுட்டு வர்றீங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா கதவச் சாத்திப்பீங்கன்னு தெரியும். இப்ப இன்னா பண்ணீங்க?"

காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட்டேனா என்று அவள் கேட்கவில்லை, குடித்தாள். அந்த மரியாதைக்காக அவளை மன்னிக்க மாட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

விடிகாலை ரயிலில், வேலைக்குப் போகும் கூட்டத்தோடு பெங்களூருக்கு. மரியா கூட வந்தாள். என் பேத்தி வயதிருக்கும் டாக்டர், கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்தேன், அவள் மேசைக் கடிகாரத்தைவிடச் சரியாக இருந்தது. மூன்று வார்த்தைகள் சொல்லி, பிறகு கேட்டாள். இரண்டைச் சொன்னேன்.

"மூன்றாவது?"

"அது முக்கியமான வார்த்தையாகத் தோன்றவில்லை" என்றேன்.

டாக்டர் சிரித்தாள். மரியா சிரிக்கவில்லை.

ஸ்கேன். காத்திருத்தல். ஆரம்பநிலை என்கிறார்கள். மெல்லத்தான் போகும் என்கிறார்கள்; எவ்வளவு மெல்ல என்பதைச் சொல்ல எவராலும் முடியாது. மாத்திரை இருக்கிறது. "தனியாக இயந்திரம் எதையும் இயக்காதீர்கள்" என்றாள் டாக்டர். தனியாக என்ற சொல்லை மரியா பிடித்துக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு இல்லையென்று சாதிக்க முடியாதபடி.

பிப்ரவரி 16, ஞாயிறு

மரியாவின் திட்டம்: இரு பாதிகளிலும் வெட்டிப்போட்ட ஓரத்துண்டுகளில் உள்முகம் இன்னும் இருக்கிறது. புருவமில்லை, நேர்வரிகள் மட்டும். புளியங்கொட்டை அளவில் இரண்டு வரும். "நீங்க வெட்டுங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்." அவள் கோடு போட்டாள். தண்ணீரை அவள் திறந்தாள். ரம்பத்தை நான் பிடித்தேன். அவளுடைய கோடு கோணலாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு, கோட்டை மீறி நேராக வெட்டினேன். திட்டினாள்.

வேலை முடிந்ததும் ரம்பத்தின் மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அது இல்லாமல் ரம்பம் ஓடாது. என்னிடம் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போனபின் ஒரு மணிநேரம் அவளை வைதேன், சுவரைப் பார்த்து.

பிப்ரவரி 23, ஞாயிறு

நான்கு ஜோடிகளில் நாங்கள் கடைசி. "இவ்ளோ பெரிய கல்லுலேந்து இவ்ளோண்டா?" என்றார் கோதண்டராமன். "உங்க மைசூர்பாகுத் துண்டைவிடப் பெரிது" என்றேன். சபை சிரித்தது. உண்மையில் அந்த இரண்டு கொட்டைகளும் ஒன்றையொன்று மிகச் சரியாகப் பார்த்தன. யாரும் அவ்வளவு அருகில் குனிந்து பார்க்கவில்லை.

என் நிலையை அவர்களிடம் நானே சொன்னேன், சாப்பாட்டின்போது. ரசம் பரிமாறிக்கொண்டிருந்தவர் கை நின்றது. "ரசம் ஆறுகிறது" என்றேன்.

மார்ச் 5, புதன்

புதிய கல் ஒன்று, பச்சை வரி ஓடியது. மரியா கோடு போட, காலை முழுவதும் அறுத்தோம். மதியத்துக்குமேல் அவசரமாகக் கிளம்பினாள். அவள் போனபின் பார்த்தால் பெல்ட் மேசைமீதே இருந்தது.

அதைக் கையில் எடுத்தேன். ரம்பத்தைப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் இன்னொரு துண்டு அறுத்துவிடலாம், யாருக்குத் தெரியும்?

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வெயிலில் நடந்து போய், பஸ்ஸின் ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டுவிட்டு வந்தேன். மறந்தவள் அவள். தேதியோடு குறித்துக்கொள்கிறேன்.