படகுலயே துபாய்க்கு

செவ்வாய்க்கிழமை ராத்திரி. வெளிய சாரல்.

இன்னைக்கு நான் அடிச்ச ஜோக்குக்கு நானே மொத ஆளாச் சிரிச்சேன். நினைச்சா இப்பம் கூசுது.

என்னைக் கட்டின மச்சானோட அக்கா குடும்பம் குத்தாலத்துல குளிச்சுட்டு இங்கன வந்தாங்க. மச்சான் முற்றத்துல பழைய அலுமினியப் படகைத் தேச்சுக்கிட்டு இருந்தாரு. இரும்புக் கடையில, இழுத்துட்டுப் போற ரெண்டு சக்கர டிரெய்லரோட வாங்கினது அது. இறக்காம அதுமேலயே வச்சிருந்தாரு.

"தம்பி எப்பம் துபாய்க்குத் திரும்புதான்?"னு மதினி கேட்டாங்க.

"டிக்கெட் எதுக்கு மதினி? படகுலயே போயிருவாரு. வழியில குழம்புக்கு மீனும் ஆச்சு"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. மச்சான் உப்புத்தாளைக் கீழ வச்சுட்டு உள்ள போயிட்டாரு.

அவங்க போன பிறகுதான் வாயைத் திறந்தாரு. "ஏட்டி, வேலை போயிட்டு. இனிமே துபாய் கிடையாது. குளத்துல மீன் பிடிக்கக் குத்தகை கேட்டிருக்கேன். அதுக்குத்தான் இந்தப் படகு."

ரெண்டு மாசமா என் வாய்க்குப் பயந்து சொல்லாம இருந்திருக்காரு மனுசன்.

சாயங்காலம் மன்னிப்பு கேக்கலாம்னு டீ கொண்டு போனேன். நின்னுக்கிட்டுக் கேக்க வாய் வரல. டிரெய்லரோட பின்பக்கத்துல உக்காந்தேன். அதோட முன்பக்கம் மேல தூக்கி, கட்டாத படகு பின்னால சரிய ஆரம்பிச்சிட்டு. நான் துள்ளி விலகிட்டேன். படகு வழுக்கிப் போய் பின்னால இருந்த கோழிக்கூட்டு மேல இறங்கிட்டு.

மன்னிப்பு இன்னும் கேக்கல. கோழிக அடுப்படியில தூங்குது.