பிசின் குடித்த நார்

பிப்ரவரி 4

அன்பு மருமகளுக்கு,

சோதித்துப் பார்க்க நீ அனுப்பிய தேங்காய் நார் மூட்டை வந்து சேர்ந்தது. பிசின் பூசிய பளபளப்பைப் பார்த்து நம் பட்டறை மேஸ்திரிக்கே ஆசை வந்துவிட்டது. சிமென்ட்டில் கலந்து கூரைத் தகடு ஒன்று வார்த்தோம். காய்ந்ததும் உடைத்துப் பார்த்தால், சீப்பிலிருந்து முடி வருவதுபோல நார் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

பிசின் இல்லாத வெறும் நாரோ சிமென்ட்டின் காரத்தில் வெந்து சருகாகிவிடுகிறது. நம் பையனை, உன் புருஷனைக் கொண்டுபோனதும் அப்படிப்பட்ட தகடுதான். கூரை ஒழுக்கை அடைக்க ஏறியவனின் காலடியில் ஒரேயடியாக நொறுங்கியது. அதை நாம் பேசுவதில்லை. ஆனாலும் நீ ஏன் இந்த வேலையை விடாமல் பிடித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

நாரைப் பற்றியே எழுதுகிறாய், உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை என்று உன் அத்தைக்குக் குறை.

அன்புடன்,
மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அத்தையிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

தவறு பிடிபட்டுவிட்டது. பிசின் நாருக்குச் சட்டை மாட்டியதுபோல மேலேயே நின்றுவிட்டது. இந்த முறை நீர்க்கக் கரைத்து, நார் உள்ளே குடிக்கும்வரை ஊறவிட்டோம். மிச்சத்தை வழித்துவிட்டு, சிமென்ட் பிடித்துக்கொள்ளும்படி, ஈரம் காய்வதற்குள் பொடிமணலில் புரட்டினோம். புது மூட்டை அனுப்பியிருக்கிறேன்.

'புரட்டினோம்' என்று எழுதுகிறேன். கூட வேலை செய்பவர் ஒருவர் இருக்கிறார். நிதானமானவர். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். ஆர்ப்பாட்டம் இல்லாமல் பதிவு அலுவலகத்தில். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாமல் அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

உங்கள் மருமகள்

மே 2

மாமா,

பதிலே இல்லை. என்மேல் வருத்தமென்றால் திட்டியாவது எழுதுங்கள். நாரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மருமகள்

மே 11

அம்மாடி,

கோபமில்லை. உன் புது நாரில் வார்த்த தகடு நன்றாக இறுகட்டும் என்று காத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நேற்று தகட்டை இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, மணல் மூட்டை அடுக்கச் சொன்னேன். மூட்டை வருவதற்குள் என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஏறிவிட்டேன். மேஸ்திரி பதறிப்போனார்.

"இறங்குங்க முதலாளி! இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

"சும்மா இருய்யா. நம்ம பொண்ணு செஞ்சது."

காலடியில் சடசடவென்று விரிசல் ஓடியது. தகடு தொய்ந்தது. விழவில்லை. விரிசலுக்குள் நார்கள் விறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு மனிதன் சத்தத்தைக் கேட்டுச் சுதாரித்து இறங்கிவர அவகாசம் கொடுத்தது, அம்மா. அவனுக்குக் கிடைக்காத அவகாசம்.

இறங்கி உட்கார்ந்து அழுதேன். மேஸ்திரி யாரோ கூப்பிட்டதுபோல வெளியே போய்விட்டார்.

அதுவரை உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"அந்தப் பிள்ளை கோவக்காரனா? கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றாள்.

எழுது. அவரிடமும் சரியென்று சொல்லிவிடு.

பதிவு அலுவலகத்தில் பெண் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமாம், விசாரித்தேன். வேறு யாரையும் கூப்பிட்டுவிடாதே. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

மாமா