சத்தம் வரும் பக்கம்

மார்ச் 3
இன்றும் கப்பலின் அடிவயிற்றில் பாசி சுரண்டும் வேலை. கூட மொட்டை. தலை நிறைய முடி; பட்டப்பெயர் மட்டும் அப்படி. தன் காற்று சிலிண்டரைக் கத்தியால் தட்டி என்னைக் கூப்பிட்டான். தெளிவாகக் கேட்டது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து? தண்ணீருக்குள் சத்தம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டு காதுக்கும் வந்துவிடும். மண்டைக்குள்ளேயே யாரோ தட்டுவது போலிருக்கும். அதனால் எங்கள் வழக்கம், இருந்த இடத்திலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது. என்ஜின் சத்தம் என்றால் முதலில் மேலே பார்ப்பது.

மார்ச் 9
வீட்டில் என் புருஷன், இவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லையாம். "மூணு தடவை கத்திட்டேன், நான் என்ன சுவரா?" என்று முறைத்தார். இடது காது கொஞ்ச நாளாகவே மக்கர் செய்கிறது. தண்ணீர் புகுந்திருக்கும் என்று சமாளித்தேன். கடலுக்கடியில் எல்லாம் ஒழுங்காகக் கேட்கிறதே, அப்புறம் என்ன கேடு?

மார்ச் 10
வெளியே தெரிந்தால் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

மார்ச் 17
மகள் இடது தோளில் தொற்றிக்கொண்டு ஏதோ கிசுகிசுத்தாள். ஒன்றும் விழவில்லை. "சூப்பர்டா கண்ணு" என்று சிரித்து வைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பிறகு இவர்தான் சொன்னார்: பள்ளியில் யாரும் அவளை விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லையாம். இதுக்கா சூப்பர்னேன்? புள்ள மனசு நொந்து சொல்லுது, நான் இளிச்சிக்கிட்டு நின்னிருக்கேன்.

மார்ச் 21
துறைமுகத்தில் எனக்குப் பின்னால் சரக்கு வண்டி ஹாரன் அடித்தது. நான் என்ன செய்தேன்? அப்படியே நின்று, அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன்! மொட்டைதான் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, வண்டி என்ன வானத்துலயா வருது?" கேட்டானே தவிர சிரிக்கவில்லை. வண்டி கடந்துபோகும்வரை பிடித்த சட்டையை விடவுமில்லை.

மார்ச் 24
டாக்டர் அதிரும் இரும்புக் கவையை இடது காதருகே பிடித்தார். ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கணீரென்று கேட்டது.
"காதுக்குள்ள குட்டி எலும்பு ஒண்ணு இறுகிப்போச்சும்மா. நரம்பு நல்லா இருக்கு. தண்ணிக்குள்ள மண்டையெலும்பு வழியா கேக்குது, அதான் உங்களுக்கு அங்க குறை தெரியல."
ஆபரேஷன் செய்யலாம். செய்தால் திரும்ப முக்குளிக்கக் கூடாதாம்; காது அழுத்தம் தாங்காதாம். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வேறென்ன வேலை தெரியும்?

ஏப்ரல் 2
"உன் காது, உன் கடல். நீயே முடிவு பண்ணு" என்கிறார் இவர். எரிச்சலாக வருகிறது. திட்டவாவது செய்யலாமே மனுஷன். மகள் இப்போதெல்லாம் ரகசியத்தை அப்பா காதில்தான் சொல்கிறாள்.

ஜூன் 19
ஆபரேஷன் செய்த காது ஆறிவிட்டது. இப்போது நான் படகின் மேல்தட்டில், காவல் வேலை. கீழே மொட்டையும் புதிதாகச் சேர்ந்த பெண்ணும். அவர்கள் விடும் குமிழிகளைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? திடீரென்று என்ஜின் சத்தம். இடது பக்கம்! திரும்பும் முன்பே தெரிந்துவிட்டது. எச்சரிக்கைக் கொடியை ஆட்டிக் கத்தினேன்; விசைப்படகு விலகிப்போனது. கீழே இருவரும் மேலே பார்த்தபடி இருந்திருப்பார்கள்.
சாயங்காலம் மகள் வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதில் கிசுகிசுத்தாள். என்னவென்று இங்கே எழுத மாட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாதாம்.