குதிரை மேல் தலைவர்

பெப்ரவரி 11, 2024 – ஞாயிறு

அம்மா இன்றைக்கும் கிளினிக் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் கிளினிக்? கேட்டால், டாக்டரைப் பார்க்க நம்பர் துண்டு எடுக்கப் போகிறாளாம். போன வாரமும் துண்டுதான். எழுபத்திரண்டு வயதில் பொய் சொல்லப் பழகுகிறாள், அதுவும் சரியாக வரவில்லை.

எனக்கு யாரையும் சுலபத்தில் நம்ப வராது. பால் வாங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன், மிச்சப் பாடத்தை வீட்டில் எழுதினேன் என்கிற பிள்ளையின் அம்மாவையும் கூப்பிட்டுக் கேட்பேன். அம்மாவை மட்டும் விட்டுவைத்திருந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே.

பெப்ரவரி 13 – செவ்வாய்

விஷயம் தெரிந்துவிட்டது. என்னோடு படிப்பிக்கிற ஷாமிலா டீச்சர் ஞாயிறன்று தலவாக்கலைக்குப் போனபோது பார்க்கில் அம்மாவைப் பார்த்தாராம். சிலைக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாளாம்.

பொங்கல் கழித்துத் திறந்த, தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சோலைமலையின் சிலை. தோட்டத்து ஜனங்களை விடுவித்தவர் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் நடந்த பெரிய ஸ்ட்ரைக்கில் இருந்த மாதிரி, இளமையாகக் குதிரையில் ஏற்றிவிட்டார்கள். தோட்டத்தில் குதிரை ஏறினவன் வெள்ளைக்காரத் துரை மட்டும். சோலைமலை சங்கத்து ஜீப்பில்தான் வருவாராம். சிலைக் கமிட்டிக்காரர்களுக்கு அந்த வித்தியாசம்கூடத் தெரியவில்லை.

அது கிடக்கட்டும். அம்மாவுக்கு அங்கே என்ன வேலை?

பெப்ரவரி 14

ரொட்டி சுடும்போது தனியாகச் சிரித்தாள். எதற்கு?

பெப்ரவரி 18 – ஞாயிறு

அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனேன். வெட்கம்தான், ஆனாலும் போனேன். பார்க் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். அம்மா செருப்பைக் கழற்றி வைத்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். அண்ணாந்து பார்த்து ஏதோ பேசினாள், நடுவில் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் பெண்கள் குனிவார்களே, அப்படி.

அவள் போனதும் கிட்டே போய்ப் பார்த்தேன்.

அந்த மூக்கு. நடுவில் ஒரு மேடு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கண்ணாடியில் நான் பார்த்து வெறுக்கிற அதே மேடு. அம்மாவுக்கு அது கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பெப்ரவரி 19

அப்பா நல்லமுத்து எனக்கு எட்டு மாதமாக இருக்கும்போது மஞ்சள் காமாலையில் செத்தவர். அவருடைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. படம் பிடிக்க வசதி இல்லை என்று அம்மா சொன்னதை இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். இப்போ – எனக்கு அவரோட ஜாடை இல்லன்னு தெரியக் கூடாதுன்னுதான் படத்த இல்லாம பண்ணிட்டாளா? ஸ்ட்ரைக் நேரத்தில சோலைமலை எங்க தோட்டத்துக்கு அடிக்கடி வந்தாராமே?

விரல் விட்டு மாதக் கணக்குப் பார்த்தேன். பெற்றவளுக்கு மாதக் கணக்குப் பார்க்கிற மகள். சீ.

பெப்ரவரி 22

பிறப்பு அத்தாட்சியைத் தேடி எடுத்தேன். தந்தை: நல்லமுத்து. அம்மா சொன்னதைத்தானே எழுதியிருப்பார்கள்.

பெப்ரவரி 25 – ஞாயிறு

வாசலில் வழி மறித்துக் கேட்டுவிட்டேன். அந்தச் சிலைக்காரர் உனக்கு யார் என்று. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

போன வருஷம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், கமிட்டிக்காரர்கள் ஒரு பழைய படத்தோடு வந்தார்களாம். ஸ்ட்ரைக் நேரம் எங்கள் தோட்டத்தில் எடுத்தது, முப்பது ஆண்கள் நிற்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்களில் இங்கே மிச்சம் அம்மா மட்டும். சோலைமலையின் இளவயதுப் படம் வேறு எங்கும் இல்லையாம். இதில் தலைவர் யார், காட்டுங்கள் என்று கேட்டார்களாம்.

"காட்டுனேன். சோலைமலைய நாங்க ஐயான்னுதாண்டி சொல்லுவோம். தலைவர்னா தோட்டத்துத் தலைவர். நம்ம தோட்டத்துல அப்ப உங்கப்பாதானே தலைவர்? அவரத்தான் காட்டுனேன்."

தோட்டத்துக்குத் தோட்டம் சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. அது எனக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சோலைமலைக்குச் சிலை செய்துவிட்டார்கள்.

திறப்பு விழாவில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். "துணிய எடுத்தாங்க. இவரு உக்காந்திருக்காரு. அம்பது வருசங் கழிச்சுப் பாக்குறேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீ சும்மா இருப்பியா? சரியில்லன்னு லெட்டர் போட்ருவ. எறக்கிருவாங்க."

போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். அம்மா மேல் என்ன சந்தேகப்பட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் அது வேறு அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் 2 – சனி

முத்துலிங்கம் சேர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முப்பது வருஷம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சிலைக் கமிட்டிக்கு நினைவு மலர் தயாரிக்கிறார். சிலையின் மூக்கு சோலைமலையின் மூக்கு இல்லை என்று பழைய சங்கக்காரர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறாராம். பிழை என்றால் தலையை மட்டும் கழற்றி வேறு வைப்பார்களாம். அம்மாவைக் கூப்பிடட்டுமா என்றேன்.

"வேண்டாம், அம்மா முந்தியே காட்டினவா. நீங்கள் படிச்ச ஆள், ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. இவர்தானே தலைவர்?"

படத்தை மேசையில் வைத்தார். காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களம். இரண்டாம் வரிசையில் பென்சிலால் சுற்றிய ஒரு முகம், பச்சைப்பயறு அளவில். இருபத்தைந்து வயது இருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஆமாங்க சேர். இவர்தான் தலைவர்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சேர் எழுதிக்கொண்டார். படத்தில் ஒரு பிரதி கிடைக்குமா என்றேன். தருகிறேன் என்றார்.

மார்ச் 3 – ஞாயிறு

இரண்டு பேருமாகப் போனோம். நானும் செருப்பைக் கழற்றினேன். தரை சில்லென்று இருந்தது.

அம்மா அண்ணாந்து, "இங்க பாருங்க, ஒங்க மக வந்திருக்கா. டீச்சரா இருக்கா," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், இனி நீ பேசு என்கிற மாதிரி.

இந்த வயது வரைக்கும் நான் யாரையும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டேன். பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது.